ஸ்னூக்கர் ஆட்டத்தைத் தந்த பட்டாளத்து இளைஞர்
ஊட்டி கிளப்பில் விதிமுறை வகுத்த சேம்பர்லேன்

1998-ம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்னூக்கர் முதன்முறையாக இடம் பெற்றது. 2006-ல் தோகாவில் ஆண்கள் ஒற்றையர் தங்கப் பதக்கத்தைச் சீனாவின் டிங் ஜுன்ஹுய் வென்றார். 2010-ல் குவாங்சோ நகரில் ஹாங்காங் வீரர் மார்க்கோ பூ, அதே டிங்கை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தார்.

பல நாட்டு வீரர்கள் பதக்கத்துக்காக மோதிய இந்த ஆட்டம் பிறந்தது எங்கே தெரியுமா? இந்தியாவில்தான்! அதை உண்டாக்கியவர் 19 வயது ஆங்கிலேய இளைஞர் ஒருவர்.

அவர் பெயர் நெவில் சேம்பர்லேன். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லேன் வேறு, இவர் வேறு.

மழைக்காலப் பொழுதுபோக்கு

இவர் 1856-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று, டெவன்ஷயர் படைப்பிரிவில் அதிகாரியானார்.

1875-ம் ஆண்டு அந்தப் படை ஜபல்பூரில் முகாமிட்டிருந்தது. அது மழைக்காலம். வெளியே போக வழியில்லை. அதிகாரிகள் மெஸ்ஸில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. அதில் பணம் வைத்துப் பலவித ஆட்டங்களை ஆடிப் பொழுதைப் போக்கினார்கள்.

ஒரே மாதிரி ஆட்டங்கள் சேம்பர்லேனுக்குச் சலித்துவிட்டன. பிரமிட் என்ற ஆட்டத்தின் 15 சிவப்புப் பந்துகளை எடுத்துக்கொண்டார். கறுப்புப் பந்தையும் வேறு நிறப் பந்துகளையும் அவற்றோடு சேர்த்தார். புது ஆட்டம் பிறந்தது!

பெயர் வந்த கதை

வுல்லிச் ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களை ஸ்னூக்கர் என்று கேலியாக அழைப்பது வழக்கம். அங்கே படித்த ஓர் இளம் அதிகாரி, ஜபல்பூர் மெஸ்ஸுக்கு விருந்தாளியாக வந்தபோது இதைச் சொன்னார்.

சிறிது நேரத்தில், மேஜையில் ஆடிக்கொண்டிருந்தவர் எளிதில் குழியில் தள்ள வேண்டிய பந்தைத் தவற விட்டார். நீர் ஒரு ஸ்னூக்கர் என்று சேம்பர்லேன் அவரைக் கேலி செய்தார். நண்பர் மனம் நோகக்கூடாதே என்று, இந்த ஆட்டத்துக்கு நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தாம் என்றும் சொல்லி வைத்தார். அந்தக் கேலிப் பெயரே ஆட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது!

ஊட்டியில்

பிறகு சேம்பர்லேன் ஆப்கானிஸ்தான் போருக்குச் சென்றார். தளபதி ராபர்ட்ஸின் நம்பிக்கைக்குப் பாத்திரமானார். 1881-ல் ராபர்ட்ஸ் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியானபோது, சேம்பர்லேனும் உடன் வந்தார்.

அந்நாளில் கோடை வந்தால் சென்னை அரசாங்கமே ஊட்டிக்குப் போய்விடும். தளபதியுடன் இவரும் மலை ஏறுவார். 1882-ல் ஸ்னூக்கரின் விதிமுறைகள் எழுதப்பட்டு, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. வாய்மொழியாக இருந்த ஆட்டத்துக்கு நீலகிரியில்தான் சட்டம் பிறந்தது.

1885-ம் ஆண்டு, புகழ்பெற்ற பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தா வந்தார். கூச்பிகார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லேனைச் சந்தித்து, ஆட்டத்தின் நுணுக்கங்களைக் கேட்டறிந்தார். அவர் மூலம் ஸ்னூக்கர் இங்கிலாந்து சென்றது. 1927-ல் உலகச் சாம்பியன் போட்டியே தொடங்கியது. ஜோ டேவிஸ் வென்றார்.

கைவிட்ட பதவி

ஆட்டம் வளர்ந்தது, ஆனால் அதை ஆக்கியவரைப் பலர் அறியவில்லை. அவரோ பதவிகளில் உயர்ந்துகொண்டிருந்தார். காஷ்மீர் சமஸ்தானத்தில் ராணுவச் செயலாளராக இருந்தார். 1900-ம் ஆண்டு அயர்லாந்து போலீஸ் படையின் தலைவரானார். சர் பட்டமும் கிடைத்தது.

1916-ல் டப்ளினில் சுதந்திரக் கிளர்ச்சி வெடித்தது. அதைத் தொடர்ந்து அவர் பதவியை ராஜினாமா செய்தார். பதினாறு ஆண்டுப் போலீஸ் வாழ்வு அத்துடன் முடிந்தது.

82 வயதில் வழக்கு

1938-ம் ஆண்டு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. ஸ்னூக்கர் வுல்லிச்சில் பிறந்தது என்றும், அதன் விதிகளை வகுத்தவர் கிச்சனர் பிரபு என்றும் அது கூறியது.

முதியவருக்குப் பொறுக்கவில்லை. ஜபல்பூரில் நடந்ததை விவரித்து, அந்தப் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார். அவரோடு இந்தியாவில் பணியாற்றிய பழைய அதிகாரிகள் சிலரும் சாட்சி சொன்னார்கள். மறு ஆண்டு எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி இந்த வரலாற்றை எழுதி வெளியிட்டார். சந்தேகம் தீர்ந்தது.

1944-ம் ஆண்டு மே 28-ந் தேதி, தமது 88-வது வயதில் சேம்பர்லேன் காலமானார்.

போர்க்களங்களும் பெரிய பதவிகளும் அவருக்குத் தராத நிலைத்த புகழை, ஒரு மழைக்கால விளையாட்டு தந்தது. அவர் காக்க முயன்ற பிரிட்டிஷ் ஆட்சி ஜபல்பூரிலும் இல்லை, ஊட்டியிலும் இல்லை, டப்ளினிலும் இல்லை. அவர் மேஜையில் உருட்டிவிட்ட பந்துகள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன!