நோய்ப்பெயர் வகுத்த வில்லியம் ஃபார்

மக்களின் நலம் காக்க விரும்பும் அரசு முதற்கண் அறிய வேண்டுவது, அவர்கள் எந்நோயால் மிகுதியாக மாள்கின்றனர் என்பதே. அதனை அறியக் கணக்கு வேண்டும். கணக்குப் பிழையின்றி அமைய, ஒரு நோய்க்கு ஒரு பெயரே வழங்க வேண்டும். இவ்வுண்மையை நிலைநாட்ட உழைத்த அறிஞர் வில்லியம் ஃபார் ஆவார்.

இவர் இங்கிலாந்தில், கென்லி என்னும் சிற்றூரில், 1807ஆம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வள்ளல் ஒருவர் இவரை வளர்த்துக் கல்வி பயிற்றினார். அவர் விட்டுச் சென்ற பொருளின் துணையால் ஃபார் பாரிசு நகர் சென்று மருத்துவம் கற்றார்.

இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டு முதல் பிறப்பு இறப்புகளை அரசாங்கம் பதிவு செய்யலாயிற்று. அப்பதிவு அலுவலகத்தில் ஃபார் பணி ஏற்றார். ஊர்தோறுமிருந்து வந்த குறிப்புகளை ஆராய்ந்தபோது பெருங்குறை ஒன்று புலப்பட்டது. மருத்துவர்கள் ஒரே நோயைப் பல பெயர்களால் எழுதியிருந்தனர். ஒரே பெயரால் வெவ்வேறு நோய்களையும் சுட்டியிருந்தனர். சிலர் மூலநோயை விடுத்து, அதனால் பின்னர் விளைந்த கேட்டை மட்டும் குறித்திருந்தனர். ஊருக்கொரு மரக்காலால் அளந்த நெல்லை ஒன்றாகக் கூட்டினாற்போல, அக்கணக்கு எதற்கும் பயன்படாததாயிற்று. 1839இல் வெளிவந்த முதல் அறிக்கையிலேயே ஃபார் இக்குறையை விளக்கி, நோய்களை வகைப்படுத்திப் பட்டியல் அளித்தார்.

1853இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான பட்டியல் அமைக்கும் பணியை ஃபாரிடமும் ஜெனீவா மருத்துவர் மார்க் தெஸ்பினிடமும் ஒப்புவித்தது. இருவர் கருத்தும் ஒன்றவில்லை. 1855இல் அவர்கள் தனித்தனிப் பட்டியல்களையே கொணர்ந்தனர். ஃபார், கொள்ளைநோய், உடல் முழுதும் பற்றும் நோய், உறுப்பு நோய், வளர்ச்சி பற்றிய நோய், விபத்து முதலியவற்றால் நேரும் சாவு என ஐவகையாகப் பகுத்திருந்தார். மாநாடு இரண்டையும் இணக்கி, 139 தலைப்புகள் கொண்ட பட்டியலை ஏற்றது. எனினும் நாடுகள் யாவும் அதனைக் கைக்கொள்ளவில்லை.

வாந்திபேதி நச்சுக்காற்றால் பரவுகிறது என்றே ஃபார் முதலில் நம்பினார். ஆனால், 1866இல் லண்டனில் அந்நோய் பரவியபோது, அவர் தொகுத்த இறப்புக் கணக்கு கிழக்குப் பகுதியின் குடிநீரையே காட்டியது. தம் பழைய கொள்கையைக் காட்டிலும் உண்மையே பெரிதெனக் கொண்டு, நீரே நோயைப் பரப்பிற்று என்பதை அவர் ஏற்றார்.

ஃபார் 1883இல் மறைந்தார். பத்தாண்டுகளுக்குப்பின், 1893இல், பிரெஞ்சு அறிஞர் ழாக் பெர்ட்டியோன் ஃபாரின் நெறியைத் தழுவிப் புதிய பட்டியல் வகுத்தார். நாடுகள் பல அதனை ஏற்றன. அதன் வழிவந்த பட்டியலை 1948 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பேணி வருகிறது. அதில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு உண்டு. மருத்துவர் எம்மொழியினராயினும், அவர் குறிக்கும் நோய் இன்னதென்பதை அக்குறியீடு எந்நாட்டார்க்கும் உணர்த்துகிறது.