வேணாட்டுக் கலகத்தைக் கதையாக்கிய சி. வி. இராமன் பிள்ளை

மட்டாஞ்சேரியின் டச்சு அரண்மனையை அறியாத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் இராது. போர்ச்சுகீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த மாளிகை அது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைச் செப்பனிட்டமையால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்த டச்சுக்காரரை 1741இல் குளச்சலில் முறியடித்தவர் வேணாட்டரசர் மார்த்தாண்ட வர்மர். அம்மன்னர் அரியணை ஏறுமுன், கலகக்காரர் கையினின்றும் உயிர் தப்பி ஊர் ஊராக ஒளிந்து திரிந்த வரலாற்றை நாவலாக வடித்து அழியாப் புகழ் பெற்றவர் சி. வி. இராமன் பிள்ளை. சி. வி. என்ற இரண்டெழுத்தைச் சொன்னாலே கேரளம் முழுவதும் அவரை அறியும். அப்பெரியாரின் வாழ்வை நம்மவரும் அறிந்துகொள்ளல் வேண்டும். அதில் தமிழராகிய நமக்கு இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு.

சி. வி. 1858ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். எளிய நிலையிலிருந்த அக்குடும்பத்துக்குக் கேசவன் தம்பி என்னும் செல்வர் துணை நின்று, சிறுவரின் கல்விக்கு ஆதரவளித்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயிலுங்கால் ராஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியரிடம் இலக்கியச் சுவை பெற்றார். பிற்காலத்தில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கு ரோஸ்காட் என்று ஆசிரியரின் பெயரையே சூட்டினார் எனின், அந்த மாணவரின் நன்றியுணர்வு எத்தகையது என்பது விளங்கும். 1881இல் பி. ஏ. பட்டம் பெற்றபின் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் சுற்றி, ஐதராபாத்திலும் சில காலம் தங்கினார். அங்கு அவர் கண்ட முஸ்லிம் மக்களின் வாழ்க்கை வீண் போகவில்லை. அவருடைய முதல் நாவலில் வரும் பட்டாணியர் பாசறை அதன் பயனே என்பர்.

ஊர் திரும்பியவர் உயர்நீதிமன்றத்தில் எழுத்தராக அமர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, அரசாங்க அச்சகத்தின் கண்காணிப்பாளராகவும் பணியாற்றினார். அலுவலுக்கிடையே பொதுவாழ்விலும் ஈடுபட்டார். 1886இல் தோன்றிய 'மலையாளி' என்னும் பத்திரிகையின் பிறப்பில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அக்காலத்துத் திருவிதாங்கூர் அரசில் உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வந்த பிராமணர் கையில் இருந்தன. பட்டம் பெற்ற மண்ணின் மைந்தருக்கு அலுவல் கிட்டவில்லை. 1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாயரும் சிரியன் கிறிஸ்தவரும் ஈழவருமாகப் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் ஒரு விண்ணப்பம் அளித்தனர். மலையாளி மெமோரியல் எனப்படும் அவ்விண்ணப்பத்துக்காக முன்னின்று உழைத்தவர்களுள் சி. வி.யும் ஒருவர். கையொப்பமிட்டோரில் ஒருவரான டாக்டர் பல்ப்பு, பிறந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் அரசில் பணிபுரிந்தவர். மண்ணின் மைந்தரே பிழைப்பைத் தேடி அயல்நாடு செல்ல நேர்ந்த அக்கொடுமையை எண்ணும்போது, அவ்விண்ணப்பத்தின் நியாயம் நமக்கும் புலனாகும். அது தமிழ் மொழிமேல் கொண்ட பகையன்று. அரசுப் பதவிகளைச் சிலரே தமக்குள் பங்கிட்டுக் கொண்டதன்மேல் எழுந்த குறையாகும். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் நன்று.

அதே 1891இல்தான் 'மார்த்தாண்டவர்மா' என்னும் நாவல் சென்னையில் அச்சேறி வெளிவந்தது. மலையாளத்தில் எழுந்த முதல் வரலாற்று நாவல் அது. ஸ்காட் எழுதிய 'ஐவன்ஹோ' அவருக்கு வழிகாட்டிற்று என்பது அறிஞர் கருத்து. வங்கத்தில் பங்கிம் சந்திரர் 'துர்கேசநந்தினி'யை 1865இலும், சந்நியாசிகளின் கிளர்ச்சியைப் பொருளாகக் கொண்ட 'ஆனந்தமடம்' நாவலை 1882இலும் வெளியிட்டிருந்தார். தமிழின் முதல் வரலாற்று நாவலாகிய 'மோகனாங்கி'யைத் திருகோணமலை சரவணமுத்துப் பிள்ளை 1895இல் வெளியிட்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே நம் அண்டை மொழியில் இத்துறை தொடங்கிவிட்டது.

வேணாட்டு அரசமரபில் மருமக்கள் தாயமே முறை. மன்னருக்குப் பின் பட்டம் அவர் மைந்தருக்கன்று, சகோதரியின் மைந்தருக்கே உரியது. 1729இல் மறைந்த இராம வர்ம மன்னரின் புதல்வர்களான தம்பிமார், தந்தையின் அரியணையைத் தாமே அடைய விரும்பினர். நாட்டில் பேராதிக்கம் செலுத்திய எட்டுவீட்டுப் பிள்ளைமார் அவர்கட்குத் துணை நின்றனர். முறைப்படி பட்டத்துக்குரிய மார்த்தாண்ட வர்மரை ஒழித்துக்கட்டச் சூழ்ச்சி நடந்தது. இக்கலகமே நாவலின் களம்.

கதை பஞ்சவன்காட்டில் தொடங்குகிறது. அனந்தபத்மநாபன் என்னும் இளைஞன் வெட்டுண்டு, இறந்தவனாகக் கருதப்பட்டுக் கைவிடப்படுகிறான். பட்டாணியர் அவனை எடுத்துக் காப்பாற்றுகின்றனர். அவனையே எண்ணி வாடுகிறாள் காதலி பாருக்குட்டி. அவளை மணக்க விழைகிறான் பத்மநாபன் தம்பி. இளவரசர் சாரோட்டு அரண்மனையிலிருந்து தப்பியோடுகையில் பித்தனைப் போன்ற ஒரு சான்னான் வந்து அவரைக் காக்கிறான். அவன் மாறுவேடம் பூண்ட அனந்தபத்மநாபனே என்பது பின்னர் வெளிப்படுகிறது. இளவரசருக்கு அடைக்கலம் தந்த மாங்கோயிக்கல் வீடு தீக்கிரையாகிறது. இவர்களுக்கெல்லாம் நடுவே அறிவாலும் துணிவாலும் இளவரசரைப் பலமுறை காத்து நிற்கும் பெண்மணி சுபத்திரை. முடிவில் கலகம் அடங்குகிறது, காதலர் கூடுகின்றனர். ஆனால் சுபத்திரையோ தன் குடும்பத்தானாகிய குடமன் பிள்ளையின் வாளுக்கு இரையாகிறாள். பிறரை வாழவைத்தவள் வாழவில்லை என்னும் துயரமே கதையை முடித்த பின்னும் உள்ளத்தில் தங்குகிறது.

இந்நாவலின் சூழ்ச்சிக்காரன் ஒருவனுக்குச் சுந்தரய்யன் என்று பெயர். மெமோரியல் எழுந்த காலத்தின் மனக்கசப்பு அப்பெயரில் படிந்துள்ளது என்று நம்மவர் கருதக்கூடும். ஆயினும் இளவரசரின் உயிரைக் காக்கும் அரும்பணியை அக்கால மேற்குலத்தார் இழிவாக எண்ணிய சான்னான் ஒருவனின் வேடத்துக்கே ஆசிரியர் அளித்தார் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

இனி நமக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. இக்கதை நடந்த மண்ணில் பெரும்பகுதி இன்று தமிழ்நாட்டில் உள்ளது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. சாரோடும் பத்மநாபபுரமும் அங்கேதான் உள்ளன. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே கேரள அரசின் பராமரிப்பில் இருந்து வருகிறது. தென்திருவிதாங்கூரின் தமிழ் கலந்த பேச்சைச் சி. வி. தம் பாத்திரங்களின் வாயில் தாராளமாக வைத்தார்.

அதே மண்ணில், அதே கலகத்தைப் பற்றித் தமிழில் ஒரு வில்லுப்பாட்டும் வழங்குகிறது. 'தம்பிமார் கதை' என்பது அதன் பெயர். நாவல் இளவரசர் பக்கம் நின்று பேசுகிறது. பாட்டோ கொல்லப்பட்ட தம்பிமார் பக்கம் நின்று கண்ணீர் வடிக்கிறது. நாவலில் கொடியவராகத் தோன்றும் அச்சகோதரர் பாட்டில் வஞ்சிக்கப்பட்ட வீரராகக் காட்சியளிக்கின்றனர். வென்றவர் சொல்லும் வரலாறு ஒன்று, தோற்றவரை நினைந்து ஊரார் பாடும் வரலாறு மற்றொன்று. இரண்டு மொழியும் அறிந்தவர்க்கே இரண்டும் முழுமையாகக் கிட்டும்.

சி. வி.யும் இதனை உள்ளூர உணர்ந்திருத்தல் கூடும். முதல் நாவலுக்குப் பின் நெடுங்காலம் அவர் வேறொரு நாவலும் வெளியிடவில்லை. 1904இல் மனைவி பாகீரதியம்மையை இழந்தார். 1909இல் 'குறுப்பில்லாக்களரி' என்னும் நகைச்சுவை நாடகத்தை அளித்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்து 1913இல் 'தர்மராஜா' வெளிவந்தது. எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் வழித்தோன்றல்களான இரட்டைச் சகோதரர், ஹரிபஞ்சானனர் என்னும் துறவிக் கோலத்தில் வந்து குலத்தின் பழியைத் தீர்க்க முயல்வதே அதன் பொருள். முன்னர்த் தாமே அழித்த குடியின் பிள்ளைகளுக்கு இந்நூலில் அவர் பெருமிதமும் கம்பீரமும் கொடுத்தார். அதனைத் தொடர்ந்து, திப்பு சுல்தானின் படையெடுப்பைக் களமாகக் கொண்ட 'இராமராஜபகதூர்' 1918இலும் 1920இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1922 மார்ச் 21ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். நகைச்சுவை எழுத்தாளர் ஈ. வி. கிருஷ்ண பிள்ளை அவருடைய மருமகன்; திரைப்பட நடிகர் அடூர் பாசி அவருடைய பேரன்.

அவர் மறைந்து சில ஆண்டுகளில், 1930களின் தொடக்கத்தில், நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர் ராஜ் 'மார்த்தாண்டவர்மா'வைப் பேசாப்படமாகத் தயாரித்தார். நூலின் பதிப்புரிமை பற்றிய வழக்கால் அப்படம் முடக்கப்பட்டது; ஆயினும் அதன் பிரதி பிற்காலத்தில் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தைச் சேர்ந்தது. மலையாள நாவலை முதலில் வெள்ளித்திரைக்குக் கொண்டு சென்றவர் நாஞ்சில் மண்ணின் மைந்தர் என்பது நாம் பெருமைப்படத்தக்கதே.

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் பயின்று வீட்டில் தமிழ் பேசி வளர்கின்றனர். இதனை இரண்டுங்கெட்ட நிலை என்று சிலர் வருந்துகின்றனர். சி. வி.யின் நாவலை மலையாளத்திலும் தம்பிமார் கதையைத் தமிழிலும் அறிந்துகொள்ளும் பேறு அப்பிள்ளைகளுக்கே எளிதில் வாய்க்கும் என்பதை அவ்வருத்தம் மறந்துவிடுகிறது. மலையாளம் படிக்கவியலாப் பெரியோர்க்கு நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. பெற்றோர் வரும் கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பத்மநாபபுரத்துக்கு அழைத்துச் சென்று, புறப்படுமுன் இவ்விரு கதைகளையும் சொல்லிக் கொடுப்பார்களாயின், அது சங்கத்துக்கும் சி. வி.யின் நினைவுக்கும் செய்யும் நற்பணியாகும்.