ழான்-மிஷெல் பாஸ்கியா

ழான்-மிஷெல் பாஸ்கியா (டிசம்பர் 22, 1960 - ஆகஸ்ட் 12, 1988) நியூயார்க் நகரைச் சேர்ந்த அமெரிக்க ஓவியர் ஆவார். மனிதத் தலைகளையும், கறுப்பின இசைக்கலைஞர்கள், குத்துச்சண்டை வீரர்கள் ஆகியோரின் உருவங்களையும் வரைந்து புகழ் பெற்றார். 1970களின் இறுதியில் அந்நகரில் செழித்த 'நோ வேவ்' என்னும் பரிசோதனைப் பங்க் இசைச் சூழலில் இருந்து உருவானவர்.

இளமை

பாஸ்கியா புரூக்ளினில் பிறந்தார். தந்தை எயிட்டி நாட்டைச் சேர்ந்தவர். தாய் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். 1968 ஆம் ஆண்டு கார் மோதியதில் இவரது கை முறிந்தது, மண்ணீரலும் அகற்றப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபோது தாய் அளித்த கிரேயின் உடற்கூறியல் நூல் இவரைப் பெரிதும் ஈர்த்தது. ஓவியக் கல்லூரி எதிலும் இவர் பயிலவில்லை. பதின்ம வயதில் நண்பர் அல் டயசுடன் இணைந்து, 'சேமோ' என்ற புனைபெயரில் மன்ஹாட்டன் சுவர்களில் வாசகங்களை எழுதினார்.

இசைக்குழு

முறையான பயிற்சி இல்லாதவரும் மேடையேறலாம் என்பது பங்க் இசையின் கொள்கை. நோ வேவ் கலைஞர்கள் மெட்டையும் சுருதியையும் கூட விலக்கி, இரைச்சலையே இசையாகக் கொண்டனர். 1979 ஆம் ஆண்டு பாஸ்கியா, மைக்கேல் ஹோல்மனுடன் சேர்ந்து இத்தகைய குழு ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அதற்கு அந்த உடற்கூறியல் நூலை ஒட்டி 'கிரே' எனப் பெயரிடப்பட்டது. இதில் கிளாரினெட், சிந்தசைசர் ஆகியவற்றை வாசித்ததோடு, கிட்டார் கம்பிகளை அரத்தால் தேய்த்தும் ஒலி எழுப்பினார். இக்குழு மட் கிளப் முதலிய இடங்களில் நிகழ்ச்சிகள் நடத்தியது. மட் கிளப் நிறுவனர்களுள் ஒருவரான டியேகோ கோர்டெஸ், 1981 இல் பி.எஸ்.1 கலை மையத்தில் நடத்திய கண்காட்சியே பாஸ்கியாவை ஓவிய வணிகர்களிடம் அறிமுகப்படுத்தியது.

உருவப்படங்கள்

இசையில் பழகிய முறையையே பாஸ்கியா உருவப்படங்களிலும் கையாண்டார். முகச்சாயலை அப்படியே வரைவதை அவர் நாடவில்லை. அவர் வரைந்த தலைகளில் தோலுக்கு உள்ளிருக்கும் பற்களும் எலும்புகளும் வெளியே தெரிகின்றன. சொற்கள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, அடிக்கப்பட்டுள்ளன. 1982 அக்டோபர் 4 அன்று ஆண்டி வார்ஹாலுடன் உணவருந்திய பின், இருவரையும் 'டோஸ் கபேசாஸ்' (இரு தலைகள்) என்ற ஓவியமாகத் தீட்டி, சில மணி நேரத்திற்குள் ஈரம் காயும் முன்பே அவருக்கு அனுப்பினார். அருங்காட்சியக ஓவியங்களில் கறுப்பினத்தவர் அரிதாகவே இடம்பெற்றிருந்ததால், அவர்களைத் தம் ஓவியங்களின் நாயகர்களாக்கினார். 1983 இல் வரைந்த 'ஹார்ன் பிளேயர்ஸ்' ஓவியத்தில் ஜாஸ் கலைஞர்கள் சார்லி பார்க்கர், டிசி கில்லெஸ்பி ஆகியோர் இடம்பெற்றுள்ளனர்.

இறப்பு

பாஸ்கியா அளவுக்கு மீறிய ஹெராயின் போதைப்பொருளால் தமது 27 ஆவது வயதில் இறந்தார். 1982 இல் அவர் வரைந்த தலை ஓவியம் ஒன்று 2017 மே மாதம் 11.05 கோடி டாலருக்கு ஏலம் போனது. அமெரிக்க ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த மிக உயர்ந்த விலை அதுவாகும்.