மண்ணில் மருந்து தேடிய சுப்பாராவ்

1895இல் பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து படித்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கிடைக்காமல் போனது. 1922இல் பொஸ்டன் சென்று, வைத்தியசாலையில் இரவு வேலை பார்த்தபடி படித்தார். ஒக்லாந்தில் நம்மவர் பலர் தொடங்கியதும் இப்படித்தான். ஹார்வர்ட் நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவரது தலைமையில், எழுபது வயது கடந்த தாவரவியலாளர் டகர், பல ஊர் மண்ணையும் வரவழைத்துச் சோதித்தார். மிசூரி மண்ணில் இருந்த நுண்ணுயிர் ஒன்று பொன்னிறமாய் வளர்ந்து கிருமிகளைக் கொன்றது. அதிலிருந்து வந்ததே ஒரியோமைசின். டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்து. பென்சிலினுக்கு அசையாத பல நோய்களும் இதற்கு அடங்கின.

1948இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் டகரின் பெயர் மட்டுமே. கணக்காளன் கண்ணுக்கு இது அரைகுறைப் பேரேடு. அதே ஆண்டு ஓகஸ்ட் 8இல், அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே, 53 வயதில் சுப்பாராவ் காலமானார்.