வால்ட்டர் ஓவன் பென்ட்லி

வால்ட்டர் ஓவன் பென்ட்லி (செப்டம்பர் 16, 1888 – ஆகஸ்ட் 13, 1971) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளரும் பென்ட்லி மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் ஆவார். டபிள்யூ. ஓ. எனச் சுருக்கமாக அழைக்கப்பட்டார். இவருடைய தானுந்துகள் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஐந்து முறை வென்றன. எனினும் 1931 இல் நிறுவனத்தையும், தம் குடும்பப் பெயரில் தானுந்துகளை விற்கும் உரிமையையும் இழந்தார். அதன் பின்னர் இவர் வடிவமைத்த எஞ்சின்கள் பிறர் பெயர் தாங்கிய தானுந்துகளிலேயே இடம்பெற்றன.

இளமை

இலண்டனின் ஆம்ப்ஸ்டெட் பகுதியில், ஒன்பது குழந்தைகளில் கடைசியாகப் பிறந்தார். பிரிஸ்டலில் உள்ள கிளிஃப்டன் கல்லூரியில் பயின்றார். பதினாறு வயதில் டொன்காஸ்டரில் இருந்த கிரேட் நார்தர்ன் இரயில்வே பணிமனையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, நீராவி எஞ்சின்களில் தொழில் கற்றார். இக்காலத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் கலந்து கொண்டார்.

அலுமினிய பிஸ்டன்

1912 இல் தம் அண்ணனுடன் இணைந்து, டி.எஃப்.பி. என்னும் பிரெஞ்சுத் தானுந்துகளை இலண்டனில் விற்கத் தொடங்கினார். 1913 இல் அத்தொழிற்சாலைக்குச் சென்றபோது, மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க வைக்கப்பட்டிருந்த சிறிய அலுமினியப் பொருள் ஒன்று இவர் கவனத்தை ஈர்த்தது. அக்காலத்தில் பிஸ்டன்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் செய்யப்பட்டன. அலுமினியம் எடை குறைந்தது. வெப்பத்தையும் விரைந்து கடத்தும். ஆகவே அலுமினியக் கலப்புலோக பிஸ்டன்களைப் பொருத்தினால், எஞ்சினை அதிக வேகத்தில் சுழற்றவும், எரிபொருள் கலவையை மேலும் அழுத்தவும் இயலும். இவ்வாறு மாற்றியமைத்த தானுந்தைக் கொண்டு புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் சாதனைகள் படைத்தார்.

முதல் உலகப் போர்

போர்க்காலத்தில் அரச கடற்படையின் வான் பிரிவில் பணியாற்றினார். அங்கு பயன்பட்ட கிளெர்ஜே சுழல் எஞ்சின்கள் அதிகமாகச் சூடேறின. பென்ட்லி அலுமினிய உருளைகளுக்குள் இரும்பு உறைகளைப் பொருத்தி, பி.ஆர்.1 என்னும் எஞ்சினை வடிவமைத்தார். இது சாப்வித் கேமல் போர் விமானங்களில் பயன்பட்டது. போருக்குப் பின் அரசு இவருக்கு 8,000 பவுண்டுகள் வழங்கியது.

பென்ட்லி மோட்டார்ஸ்

1919 இல் பென்ட்லி மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. முதல் தானுந்து 1921 இல் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் 3 லிட்டர் எஞ்சினில் நான்கு உருளைகளும், ஒவ்வோர் உருளைக்கும் நான்கு வால்வுகளும், இரண்டு தீப்பொறிச் செருகிகளும் இருந்தன. இலண்டனின் கிரிக்கில்வுட் பகுதியில் தொழிற்சாலை இயங்கியது.

பென்ட்லி தானுந்துகள் 1924, 1927, 1928, 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தில் வென்றன. ஆயினும் நிறுவனத்தில் பணத் தட்டுப்பாடு நீங்கவில்லை. 1926 இல் செல்வந்தரும் பந்தய ஓட்டுநருமான உல்ஃப் பர்னாட்டோ முதலீடு செய்து தலைவரானார். கட்டுப்பாடு பென்ட்லியின் கையை விட்டு அகன்றது. ஓட்டுநர் டிம் பர்க்கின், காற்றை அழுத்தி உட்செலுத்தும் சூப்பர்சார்ஜரைப் பொருத்த விரும்பினார். எஞ்சினின் கொள்ளளவைக் கூட்டுவதே சரியான வழி எனக் கருதிய பென்ட்லி அதை எதிர்த்தார். எனினும் அத்தகைய தானுந்துகள் உருவாக்கப்பட்டன. அவை லெ மானில் ஒருமுறையும் வெல்லவில்லை.

பெயரிழப்பு

1930 இல் ஆறு உருளைகள் கொண்ட 8 லிட்டர் மாதிரி வெளியானது. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் காரணமாக 100 மட்டுமே உருவாக்கப்பட்டன. 1931 இல் கடன் தவணையைச் செலுத்த இயலாமல் நிறுவனம் முறிந்தது. நேப்பியர் நிறுவனம் அதை வாங்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம், வேறொரு நிதி அமைப்பின் வழியாகத் தன் அடையாளத்தை மறைத்து, 125,275 பவுண்டுகளுக்கு வாங்கியது. 8 லிட்டர் மாதிரியின் உற்பத்தி நின்றது. பென்ட்லி ரோல்ஸ் ராய்ஸின் ஊழியரானார்.

லகொண்டாவும் ஆஸ்டன் மார்ட்டினும்

ஒப்பந்தம் முடிந்ததும், 1935 இல் லகொண்டா நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பேற்றார். அங்கு உருவான 12 உருளைத் தானுந்துகள் 1939 இல் லெ மானில் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், லகொண்டா தன் புதிய தானுந்துக்குப் பென்ட்லியின் பெயரையும் சேர்த்துச் சூட்ட முனைந்தது. ரோல்ஸ் ராய்ஸ் வழக்குத் தொடுத்து வென்றது.

அத்தானுந்துக்கு இவர் மேற்பார்வையில் உருவான 2.6 லிட்டர், ஆறு உருளை எஞ்சினே ஆஸ்டன் மார்ட்டினின் உரிமையாளர் டேவிட் பிரவுனை ஈர்த்தது. அவர் 1947 இல் லகொண்டாவையும் வாங்கினார். நெடுந்தொலைவை விரைவாகவும் சொகுசாகவும் கடக்கும் கிராண்ட் டூரர் வகையைச் சேர்ந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி2, 1950 இல் இந்த எஞ்சினை முன்புறத்தில் தாங்கி வெளிவந்தது. இதன் வழிவந்த மாதிரிகள் 1959 வரை உற்பத்தி செய்யப்பட்டன.

மறைவும் பின்னரும்

பென்ட்லி 1971 இல் வோக்கிங் நகரில் காலமானார். இவருக்குக் குழந்தைகள் இல்லை. பென்ட்லி நிறுவனத்தை 1998 இல் வோக்ஸ்வாகன் குழுமம் வாங்கியது. 2003 இல் பென்ட்லி தானுந்து ஆறாம் முறையாக லெ மானில் வென்றது. முன்புறத்தில் 12 உருளை எஞ்சின் கொண்ட கான்டினென்டல் ஜிடி என்னும் சொகுசுத் தானுந்தும் அதே ஆண்டில் வெளிவந்தது.