பேப்பர் போட்ட பையன் கட்டிய மாய நகரம்

மதுரையில் இருந்து திருச்சி போகும் சாலையில் இருக்கிறது, கொட்டாம்பட்டி. அந்தப் பக்கத்து ஊர்களில் திருவிழா என்றால், திடலில் குடை ராட்டினம் வந்து நிற்கும்.

மரக் குதிரை மேல் பிள்ளைகள் ஏறி உட்காருவார்கள். தாய்மார்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். ராட்டினக்காரர் காசு வாங்குவார், சுற்றி விடுவார். இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்று அழும் பிள்ளையை இறக்கி விடுவதும் அவர்தான்.

ராட்டினத்தில் ஏறுகிறவர், அதைச் சுற்றி விடுகிறவர் - இந்த இருவரைப் பற்றியும் ஓயாமல் யோசித்த மனிதர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் வால்ட் டிஸ்னி. "மிக்கி மவுஸ்" என்ற எலியைப் படத்தில் ஆட விட்டு, உலகையே சிரிக்க வைத்தவர் அவர்தான்.

அதிகாலை 3½ மணி

டிஸ்னி 1901-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். தகப்பனார் எலியாஸ், மிகவும் கண்டிப்பானவர். பல தொழில்கள் செய்து பார்த்தார். எதிலும் காசு சேரவில்லை.

1911-ல் குடும்பம் கான்சாஸ் நகருக்குக் குடிவந்தது. எலியாஸ் பத்திரிகை விநியோகம் செய்யும் உரிமையை விலைக்கு வாங்கினார். டிஸ்னிக்கு அப்பொழுது 9 வயது. அவரும் அண்ணன் ராயும் அதிகாலை 3½ மணிக்கு எழுந்து, வீடு வீடாகப் பத்திரிகை போட்டார்கள்.

பனி கொட்டும். அப்படியும் பத்திரிகையை வாசலில் வீசிவிட்டுப் போகக்கூடாது. கதவுக்கு உட்புறமாக வைத்துவிட்டு வர வேண்டும். இது தகப்பனாரின் உத்தரவு. மற்றப் பையன்களுக்கு எலியாஸ் சம்பளம் கொடுத்தார். சொந்தப் பிள்ளைகளுக்குச் சல்லிக்காசு கிடையாது. சோறும் துணியும் கொடுக்கிறோமே, அது போதாதா என்பது அவருடைய கணக்கு!

சில வீட்டுத் திண்ணைகளில் பணக்காரப் பிள்ளைகள் பொம்மைகளைப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். விடிவதற்கு முன் சிறுவன் டிஸ்னி அங்கே உட்கார்ந்து, அந்தப் பொம்மைகளோடு விளையாடுவான். பிறகு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டுவான்.

ஏதோ ஒரு வீட்டுக்குப் பத்திரிகை போடாமல் விட்டுவிட்டது போல, பெரியவரான பிறகும் டிஸ்னிக்குக் கெட்ட கனவு வருவது உண்டு.

ரெயிலில் மிட்டாய்

15 வயதில் பள்ளிக்கூட விடுமுறையின்போது, ரெயிலில் மிட்டாய், பழம், சோடா விற்கும் வேலைக்குப் போனார். விற்றதை விட, அவரே தின்றது அதிகம். காலி சோடாப் புட்டிகளை ஒரு பெட்டியில் வைத்திருந்தார். அந்தப் பெட்டியைக் கழற்றி விட்டுவிட்டு ரெயில் போய்விட்டது. அவருக்காக அண்ணன் ராய் கட்டியிருந்த ஜாமீன் தொகையும் போயிற்று!

1923-ல் டிஸ்னி ஹாலிவுட் போனார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கார்ட்டூன் படக் கம்பெனி தொடங்கினார்கள். 1928-ல் மிக்கி எலி பேசும்படத்தில் வந்தது. அந்த எலிக்குக் குரல் கொடுத்தவரும் டிஸ்னிதான். 1937-ல் "ஸ்னோ ஒயிட்" என்ற முழுநீளக் கார்ட்டூன் படம் வெளிவந்து, பணத்தைக் குவித்தது.

ஆனால், 1941-ல் அவருடைய ஓவியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தது. சங்கத்தில் முன்னின்றவர்களை டிஸ்னி வேலையில் இருந்து நீக்கினார். தினந்தோறும் அவர் கார் உள்ளே நுழையும்போது, அவரிடம் வேலை பார்த்தவர்களே வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். இது நன்றிகெட்ட செயல் என்று அவர் நினைத்தார். அவருடைய தவறும் அதில் இருந்தது. கடைசி வரை அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பெஞ்சில் பிறந்த யோசனை

டிஸ்னிக்கு இரண்டு பெண்கள். விடுமுறை நாட்களில் அவர்களை ராட்டினத்துக்கு அழைத்துப் போவார். பிள்ளைகள் சுற்றுவார்கள். தகப்பனார் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இல்லையே என்ற எண்ணம் அங்கேதான் உதித்தது.

அந்தக் காலத்து அமெரிக்கக் கேளிக்கைத் திடல்கள் குப்பையும் கூச்சலுமாக இருந்தன. அப்படிப்பட்ட தொழில் நமக்கு எதற்கு என்று மனைவி லில்லியன் கேட்டார். நம்முடையது அப்படி இராது என்றார், டிஸ்னி. 1951-ல் டென்மார்க் நாட்டில் டிவோலி பூங்காவைப் பார்த்தார். சுத்தம், விளக்கு அலங்காரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அண்ணன் ராய் பணம் தரத் தயங்கினார். டிஸ்னி ஆயுள் இன்சூரன்சின் பேரில் கடன் வாங்கினார். டெலிவிஷன் கம்பெனி ஒன்றும் கை கொடுத்தது. கலிபோர்னியாவில் ஆனகைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டத்தை வாங்கி, ஒரே ஆண்டில் "டிஸ்னிலாந்து" எழுந்தது. செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர்!

முதல் நாள் அமளி

1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. டெலிவிஷனில் அதை வர்ணித்தவர்களில் நடிகர் ரொனால்டு ரீகனும் ஒருவர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்.

கள்ள டிக்கெட்டுகள் புழங்கின. சுமார் 28 ஆயிரம் பேர் புகுந்துவிட்டார்கள். கொளுத்தும் வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் செருப்புக் குதிகள் புதைந்தன. சாப்பாடு தீர்ந்துபோயிற்று. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால், குடிதண்ணீர்க் குழாய், கக்கூஸ் இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை. டிஸ்னி கக்கூசை முடிக்கச் சொன்னார். சோடா விற்பதற்காகத் தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று ஜனங்கள் திட்டினார்கள்.

ஆனாலும் கூட்டம் குறையவில்லை. ஏழே வாரத்தில் 10 லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

யார் நடிகர்?

இங்கே டிஸ்னி ஒரு புது ஏற்பாடு செய்தார். டிக்கெட் வாங்கி வருகிறவர் வாடிக்கைக்காரர் அல்ல, விருந்தாளி. வேலை பார்க்கிறவர் ஊழியர் அல்ல, நடிகர். உடுத்துவது யூனிபாரம் அல்ல, வேஷ உடுப்பு. பூங்காதான் மேடை. குப்பை கூட்டுகிறவருக்கும் இதுதான் பாடம். வழி கேட்டால் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததும் இதற்குத் தனிப் பயிற்சி உண்டு.

பதவிப் பெயர், குடும்பப் பெயர் எதுவும் கிடையாது. சட்டையில் சொந்தப் பெயர் மட்டும். முதலாளியையும் வால்ட் என்றுதான் கூப்பிட வேண்டும்! நம் ஊர் மில் முதலாளியை அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

தீயணைப்பு நிலையம் போல் கட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் அவருக்குச் சின்ன வீடு இருந்தது. இரவு அங்கே தங்கி, கதவு திறக்கும் முன் பூங்காவைச் சுற்றி வருவார். பகலில் ஜனங்களோடு வரிசையில் நிற்பார். கீழே கிடக்கும் காகிதத்தைத் தாமே பொறுக்குவார்.

ஒரு நாள் காட்டு ஆற்றுப் படகில் ஏறினார். 7 நிமிஷம் ஓட வேண்டிய படகை, படகோட்டி 4½ நிமிஷத்தில் கரை சேர்த்துவிட்டான். டிஸ்னி படகோட்டியைக் கடியவில்லை, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். படத்தில் நடு ரீலை வெட்டிவிட்டுக் காட்டினால் பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். டூரிங் கொட்டகையில் படம் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

படகோட்டிகள் கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்து டிஸ்னி திரும்பி வந்தார். ஒரு படகில் அல்ல, ஒவ்வொரு படகிலும் ஏறினார். கெட்டிக்காரனை மட்டும் முன்னால் நிறுத்தி ஏமாற்ற முடியாது பாருங்கள்! முடிவில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

மீசை கூடாது!

நடிகர்களுக்குச் சட்டதிட்டமும் கடுமை. ஆண்கள் மீசை வைக்கக்கூடாது. டிஸ்னிக்கோ அழகான மீசை உண்டு! அவருடைய பூங்காவில் அவருக்கே வேலை கிடைத்திராது. 2000-ம் ஆண்டில்தான் மீசைத் தடை நீங்கியது.

எலி வேஷம் போடுகிறவர் பாடு இன்னும் மோசம். கனமான தலையை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். பிள்ளைகள் கட்டிப்பிடிப்பார்கள், சில முரடர்கள் குத்துவார்கள். பேசவும் கூடாது. உள்ளே முகம் வேர்த்தாலும், வெளியே எலி சிரித்துக்கொண்டுதான் இருக்கும்.

வந்த பிரதமர், வராத பிரதமர்

1959-ல் அமெரிக்கா வந்த ரஷிய பிரதமர் குருசேவ், டிஸ்னிலாந்து பார்க்க ஆசைப்பட்டார். பாதுகாப்புத் தர முடியாது என்று கூறிவிட்டார்கள். அவருக்கு வந்த கோபம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளிவந்தது.

1961 நவம்பரில் நம் நேரு போனார். மகள் இந்திராவும் உடன் சென்றார். டிஸ்னியே கூட இருந்து சுற்றிக் காட்டினார்.

65 வயது முடிந்து பத்தாம் நாள், 1966 டிசம்பர் 15-ந் தேதி, டிஸ்னி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அன்றும் பூங்கா வழக்கம் போல் நடந்தது. மாடி வீட்டு ஜன்னலில் அவர் நினைவாக ஒரு விளக்கு வைக்கப்பட்டது.

புளோரிடாவில் தம்பி தொடங்கிய இரண்டாவது பூங்காவை, அண்ணன் ராய் முடித்து, 1971 அக்டோபர் 1-ந் தேதி திறந்தார். அதற்குத் தம்பியின் முழுப் பெயரையும் சூட்டினார். அந்த டிசம்பரிலேயே ராயும் காலமானார்.

1984-ல் டிஸ்னிலாந்து ஊழியர்கள் சம்பளத்துக்காக 22 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 மே மாதம், எலியாகவும் இளவரசியாகவும் வேஷம் போடுகிறவர்களும் ஊர்வலத்தில் ஆடுகிறவர்களும் சேர்ந்து, சுமார் 1,700 பேருக்காக ஓட்டெடுப்பு நடத்தினார்கள். சங்கம் வேண்டும் என்று முடிவாயிற்று. நடிகர்கள் என்றுதானே டிஸ்னி பெயர் வைத்தார்? அவர்கள் சேர்ந்தது, அமெரிக்க நாடக நடிகர் சங்கத்தில்!