கல்கியின் இசைத் தொண்டு

அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில், மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள் தோன்றியவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. கல்கி என்னும் புனைபெயரால் தமிழுலகம் அவரை நன்கறியும். புதினங்களால் பெற்ற புகழ் ஓங்கி நிற்பதால், அவர் இசைக்கு ஆற்றிய தொண்டு பலர் நினைவிற்கு எட்டுவதில்லை.

ஆனந்த விகடன் இதழின் ஆசிரியராக விளங்கிய காலத்தில், கர்நாடகம் என்னும் பெயர் பூண்டு, கச்சேரிகளைப் பற்றி அவர் எழுதிவந்தார். பழமையில் தோய்ந்தவரைக் கர்நாடகம் என்று எள்ளுவது உலக வழக்கு. அச்சொல்லையே தமக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டமை அவருடைய நகைச்சுவைக்குச் சான்றாகும். வல்லுநர்க்கு மட்டுமன்றி எளியோர்க்கும் இசைநயம் விளங்குமாறு அவர் எழுதினார்.

1941ஆம் ஆண்டில் நாட்டின் விடுதலைப் போரில் மீண்டும் ஈடுபட விழைந்து, அப்பதவியைத் துறந்தார். அப்பொழுது அவருக்கு அகவை 41. மனைவி ருக்மிணி அம்மையாரையும் இளஞ்சிறார் இருவரையும் காக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. எனினும் கலங்காது சிறை புகுந்தார். மூன்று திங்கள் கழித்து மீண்டதும், நண்பர் சதாசிவத்துடன் கல்கி இதழைத் தொடங்கினார். சதாசிவத்தின் துணைவியார் எம். எஸ். சுப்புலட்சுமி, சாவித்திரி என்னும் திரைப்படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற பொருள் அதற்கு முதலாயிற்று.

அவ்வாண்டிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு அரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் முதன்மை பெறல் வேண்டும் என்பது அதன் கருத்து. இசைக்கு மொழி இன்றியமையாதது அன்று எனச் செல்வாக்குடையோர் பலர் மறுத்தனர். கல்கியோ, பொருளுணர்ந்து கேட்கும் இன்பம் நம் மக்களுக்குக் கிட்டாதிருத்தல் தகாது என்று அஞ்சாது எழுதினார். பிறமொழிப் பாடல்களை அவர் வெறுத்தாரல்லர். தமிழுக்கும் உரிய இடத்தையே வேண்டினார். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. 1945இல் வெளிவந்த மீரா படத்திற்கு அவர் இயற்றிய, காற்றினிலே வரும் கீதம் எனத் தொடங்கும் பாடல் ஊரெங்கும் ஒலித்தது.

ஊருக்கு உரைத்ததை அவர் தம் இல்லத்திலும் போற்றினார். நாட்டியத்தை இழிவாகக் கருதும் எண்ணம் முற்றும் அகலாத அந்நாளில், அவர் மகள் ஆனந்தி வழுவூர் இராமையா பிள்ளையிடம் அக்கலையைப் பயின்று, சதாசிவத்தின் மகள் இராதாவுடன் மேடையேறினார்.

நோயுற்ற போதும் கல்கி எழுதுவதை நிறுத்தினாரல்லர். 1954ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள், தம் 55ஆம் அகவையில் மறைந்தார். முற்றுப்பெறாது நின்ற அமரதாரா என்னும் புதினத்தை, தந்தையின் குறிப்புகளைக் கொண்டு ஆனந்தி நிறைவு செய்தார். மகன் இராஜேந்திரன் பின்னாளில் கல்கி இதழின் ஆசிரியரானார்.

பொருளும் பதவியும் ஒருவரோடு ஒழியும். அவர் பேணிய கலையும் கொள்கையும் வழிவழி நிற்கும் என்பதற்குக் கல்கியின் வாழ்வே தக்க சான்றாகும்.